பருப்புக்கு உப்பு வேணும்... பயறுக்கு வேணாம்!

சாம்பார் என்பது ஒரு குடும்ப விழா என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையில் அப்படித்தான்! அதில் வேகிற துவரம்பருப்பு, மிதக்கிற பீன்ஸ், கரைகிற புளி, தாளிப்பில் பொரிகிற வெந்தயம்... எல்லாமே தாவரவியல்காரர்கள் கணக்கில் ஒரே குடும்பம். அவரைக் குடும்பம். சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே குண்டானில்!

அந்தக் குண்டானில் உப்பு தூக்கலாகிவிட்டால் பரவாயில்லை. உருளைக்கிழங்கை வெட்டிப் போடலாம். வெந்நீர் ஊற்றி நீட்டலாம். ஒன்றும் முடியாவிட்டால், "உப்பு டப்பாவை யார் இங்கே மாத்தி வெச்சது?" என்று வீட்டில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் மேல் பழி போடலாம்.

ஆனால் இதே குடும்பத்துக்கு வயலில், வேருக்கு அடியில் உப்பு தூக்கலாகிவிட்டால்? அங்கே உருளைக்கிழங்கு வைத்தியம் செல்லாது.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு, பாக்கி. ஆனால் தாய்மாமா வீடு தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம். மாமா வீட்டுக்குப் போனால் பேச்சு தக்காளி விலையில் ஆரம்பித்து போர்த் தண்ணியில்தான் முடியும். இந்த உப்பு விவகாரம் எனக்கு அங்கேதான் அறிமுகமானது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அடடா, இது முழுக்க முழுக்க ஒரு காமர்ஸ் சமாச்சாரம்!

மஞ்சள் பீன்ஸ்

தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போய் ரோட்டோரம் கொட்டின வெறுப்பில், மாமா ஒரு ஏக்கரில் பீன்ஸ் போட்டார். விதைக்கும் உரத்துக்கும் அத்தையின் வளையல் அடமானத்துக்குப் போனது. முதல் இரண்டு வாரம் செடி ஜோராக வந்தது. பிறகு மஞ்சளடித்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி.

"மாப்ளே, யூரியா ரெண்டு தடவ போட்டாச்சு. கடைக்காரர் குடுத்த டானிக்கும் அடிச்சாச்சு. கடைசியா சுத்திப் போடறதுதான் பாக்கி" என்றார் மாமா.

"வரப்போரமா தட்டப்பயிறு மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குதே மாமா?"

"அதான் எனக்கும் வெளங்கல. அதே மண்ணு, அதே தண்ணி. அதுக்கு மட்டும் என்ன வந்திச்சி, இதுக்கு மட்டும் என்ன கேடு?"

அந்த ஊரில் ரிட்டயரான விவசாய அதிகாரி ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டதும் வந்தார். இலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவே இல்லை. மண்வெட்டியால் ஒரு பீன்ஸ் செடியை வேரோடு பெயர்த்தார். பக்கெட் தண்ணீரில் வேரை அலசினார்.

"முடிச்சு எங்கே?" என்றார்.

வேரில் நாலைந்து சின்ன முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே வெளுப்பும் பழுப்புமாக என்னவோ. பிறகு தட்டைப்பயறு ஒன்றைப் பெயர்த்தார். அதன் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு!

"பாருங்க... இதுல ரத்தம் ஓடுது. அதுல ஓடலை. உங்க பீன்ஸுக்குப் பங்காளி கைவிட்டுட்டான்" என்றார்.

பங்காளியா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மண்ணுக்கடியில் ஒரு பார்ட்னர்ஷிப்

நமக்கு மேலே இருக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். யூரியா மூட்டையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே சத்து. ஆனால் செடிகளால் அதைக் காற்றிலிருந்து நேராக எடுக்க முடியாது. பூட்டின கஜானா. சாவி ரைசோபியம் என்கிற பாக்டீரியாவிடம் இருக்கிறது.

அவரைக் குடும்பத்தில் பெரும்பாலான செடிகள் இந்த ரைசோபியத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வேர் ஒரு ரசாயன வாசனையை மண்ணில் விடும். அதை மோப்பம் பிடித்து பாக்டீரியா வரும். வேர்த் தூவி வளைந்து அதைக் கைகுலுக்கி உள்ளே அழைக்கும். உள்ளே போனதும் அதற்கென்று ஒரு முடிச்சைக் கட்டிக் கொடுக்கும். வாடகை இல்லாத வீடு! செடி இலையில் சமைத்த சர்க்கரையைக் கீழே அனுப்பும். பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்கி மேலே அனுப்பும். முடிச்சின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள். லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். ஆக்ஸிஜனை அளந்து கொடுப்பது அதன் உத்தியோகம். அந்த நிறம் இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ரகசியத்தை 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு பேர் நிரூபித்தார்கள். 1888-ல் ஹாலந்துக்காரர் பெயெரிங்க் அந்த பாக்டீரியாவையே தனியாகப் பிரித்துக் காட்டினார். நம் தாத்தாக்களுக்கு பாக்டீரியா தெரியாது. ஆனால் ராகிக்கு நடுவே அவரைக்கும் மொச்சைக்கும் சால் விட்டால் நிலம் கெடாது என்று தெரிந்திருந்தது.

இந்தியக் கூட்டு வாணிபச் சட்டம், 1932 என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கூட்டாளிகள் எப்படிச் சேர வேண்டும், எப்போது பிரியலாம் என்றெல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். மண்ணுக்கடியில் நடக்கிற இந்தக் கூட்டு வாணிபத்தைக் கலைக்க வக்கீலே வேண்டாம். உப்பு போதும்.

உப்பு எப்படி அடிக்கிறது?

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மாங்காய் சுருங்கி, தண்ணீர் வெளியே நிற்கும். வேருக்கும் இதே கதிதான். மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். வேரால் உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவே தாகம்! இது முதல் அடி.

அப்படியும் உறிஞ்சும் தண்ணீரோடு சோடியமும் குளோரைடும் உள்ளே போய் இலை ஓரத்தில் தங்கிவிடும். அதுதான் அந்தத் தீய்ந்த அப்பளம். இது இரண்டாவது அடி.

மூன்றாவது அடி பயறு வகைகளுக்கென்றே விழுவது. உப்பு கூடினால் வேர்த் தூவிகள் குறையும். வளைந்து கைகுலுக்குவதும் குறையும். முடிச்சு எண்ணிக்கை விழும். இலை வாடினால் கீழே போகிற சர்க்கரை குறையும். கட்டின முடிச்சும் பட்டினி. வேடிக்கை என்னவென்றால், ரைசோபியம் பொதுவாகச் செடியைவிட அதிக உப்பைத் தாங்கும். கூட்டாளி சாகவில்லை, கைகுலுக்கத்தான் முடியவில்லை.

விளைவு? உரச் செலவில்லாமல் வளர வேண்டிய பயிர், மற்றப் பயிர்களைப் போல மூட்டைக்குக் கை நீட்டுகிறது. இலை மஞ்சளாவதைப் பார்த்து நாம் யூரியா போடுகிறோம். ஆனால் தாகத்தில் தவிப்பவனுக்கு பிரியாணி வைத்த கதைதான். பீன்ஸ் இயல்பாகவே கொஞ்சம் சோம்பேறிக் கூட்டாளி. மற்றப் பயறுகள் அளவுக்கு நைட்ரஜன் சேர்க்காது. உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதுவே களர் நிலமாக இருந்தால் நாலாவது அடியும் உண்டு. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் என்றால் கரையும் உப்புகள் மிகுந்து வெள்ளைப் பூத்தது. களர் என்றால் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பி.ஹெச். 8.5-க்கு மேல் ஏறியது. சோடியம் ஒட்டினால் மண் பொலபொலப்பு போய், நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. உளுந்து, பாசிப்பயறு, தட்டை, மொச்சை எல்லாம் முளைக்கும்போது இரண்டு பருப்புகளையும் தலையில் சுமந்துகொண்டு மேலே வருகிறவை. தலைச்சுமையோடு அந்த ஓட்டை முட்டினால் கழுத்து ஒடியும்! தப்பி வந்தாலும் மண்ணுக்குள் காற்றோட்டம் இருக்காது. மூச்சு விடாத மண்ணில் முடிச்சுக்கு என்ன வேலை?

பீன்ஸ் பலவீனம், தட்டை பலசாலி

அதிகாரி, மாமாவின் போர்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டார். "2" என்று காட்டியது.

"ரெண்டு என்ன சார்?" 

"டெசிசைமன். தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு அளவு. உப்பு கூடினா கடத்தறதும் கூடும்."

அமெரிக்காவில் ரிவர்சைடு என்ற ஊரில் உப்பு மண்ணுக்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு பேர், எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று 1977-ல் பட்டியல் போட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அதை எடுத்துக்கொண்டது. மண்ணைச் சேறாகக் குழைத்து, அதிலிருந்து பிழிந்த சாற்றில் அளந்த கணக்கு அது.

இந்த வகைப் பட்டியல்களில் பீன்ஸ் கடைசி பெஞ்ச். 1 டெசிசைமனைத் தாண்டினாலே மகசூல் சரிய ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் 19 சதவீதம் போச்சு. 3.6-ல் பாதி விளைச்சல் காலி. பாசிப்பயறு 1.8 வரை தாங்கும். நிலக்கடலை 3.2 வரை அசையாது. தாண்டினால் தடாலென்று விழுந்து 4.9-லேயே பாதி. தட்டைப்பயறு மட்டும் 4.9 வரை கம்பீரமாக நிற்கும். பாதியாவதற்கு 9 தாண்ட வேண்டும்.

நான் மனக்கணக்குப் போட்டேன். தண்ணீரில் 2 என்றால், ஓரளவு வடிகால் உள்ள நிலத்தில்கூட, நாளாவட்டத்தில் மண்சாற்றில் சுமார் 3 ஆகும் என்பது பொதுக் கணக்கு. மூன்றில் பீன்ஸுக்கு நஷ்டம் 38 சதவீதம். தட்டைக்கு நஷ்டம் பூஜ்யம். மாமாவின் "அதே மண்ணு, அதே தண்ணி" புதிருக்கு விடை இதுதான். ரகம், வெயில், மண்வாகுக்கு ஏற்ப முன்னே பின்னே இருக்கும். ஆனால் யார் முதலில் விழுவார், யார் கடைசியில் விழுவார் என்கிற வரிசை தெரிந்துவிட்டது.

உப்பு எங்கிருந்து வந்தது?

"கடல் எங்கேயோ இருக்கு. எங்க நிலத்துக்கு உப்பு எங்கேருந்து சார் வரும்?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. உப்புக்காக 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடையாய் நடந்த ராஜாஜி, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை அது தருமபுரி மாவட்டத்து ஊர். அவர் உப்பைத் தேடிக் கடல் வரை போனார். இன்று அந்தப் பக்கத்து விவசாயிக்கு உப்பு குழாய் வழியாக வீடு தேடி வருகிறது!

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு தண்ணீர் கட்டினால் ஐந்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தாலும் சுமார் 2 லட்சம் லிட்டர். 2 டெசிசைமன் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 1.28 கிராம் உப்பு கரைந்திருக்கும். பெருக்கினால் ஒரு பாசனத்துக்கு 260 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்து மூட்டைக்கு மேல்!

பத்துத் தண்ணீர் கட்டினால் 2.6 டன். தண்ணீரைச் செடியும் வெயிலும் குடித்துவிடும். உப்பில் செடி எடுப்பது சொற்பம். மிச்சம் அங்கேயே.

"மாமா, யூரியா ரெண்டு மூட்டை போட்டீங்க. உப்பு அம்பது மூட்டை போட்டிருக்கீங்க!"

மாமா மோட்டார் ரூமைப் பார்த்தார். கரண்ட் இலவசம் என்பதற்காக உப்பும் இலவசமாக வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அத்தனையும் சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்பு, மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கலந்தது. சுண்ணாம்பில் ஒரு பகுதி சுக்கான்கல்லாகப் படிந்து ஒதுங்கிவிடும். ஒதுங்காமல் பாக்கி நிற்பது சோடியம். தருமபுரியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் இடுக்குகளில் வருஷக்கணக்கில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பல இடங்களில் ஆழம் போகப் போக ருசி மாறுவது இதனால்தான்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பழைய துக்கம் உண்டு: ஃப்ளூரைடு. பல்லில் காவிக் கறை, எலும்பில் வளைவு. அதுவும் இதுவும் தூரத்துச் சொந்தம். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் ஏறினால், பாறையிலிருக்கும் ஃப்ளூரைடு சுலபமாகக் கரைந்து வரும். மண்ணைக் களராக்கும் சுபாவமுள்ள தண்ணீரே பல்லையும் கெடுக்கும் தண்ணீராக இருப்பது அதனால்தான். மனிதர்களுக்காக ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்தது. ஆனால் மாமாவின் பீன்ஸ் செடிக்குக் குழாய் இணைப்பு கொடுக்க எந்தத் திட்டத்திலும் இடமில்லை. அது இன்னும் அதே போர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தருமபுரி முழுக்க உப்பு என்று யாரும் பயந்துவிடக் கூடாது. போர்ப் பாசனம் நடக்கிற இடங்களில், தாழ்வான பகுதிகளில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் உப்பும் களருமாகப் பாதித்த நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் பெரும்பகுதி களர். திருச்சி மணிகண்டம் வட்டாரத்து விவசாயிகளைக் கேட்டால் களரைப் பற்றி ஒரு புராணமே பாடுவார்கள்.

இதே மாவட்டத்தின் மானாவாரிக் கொள்ளுக்கு இந்தத் தலைவலி இல்லை. வருஷத்துக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழைதான் அதற்கு முதலும் வட்டியும். மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது. காவேரிப்பட்டணம் பக்கத்து பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களே கொடுத்திருக்கிறது. ஏழைப் பயிர், குதிரைத் தீனி என்று நாம் ஒதுக்கின கொள்ளு, கடனில்லாமல் வாழ்கிறது. போர் போட்டு வசதியான பீன்ஸ்தான் கடன்காரன்!

பழைய கதை, பெரிய கதை

இது மாமாவின் சொந்தக் கதை மட்டுமல்ல. இன்றைய ஈராக்கில், பழைய மெசபடோமியாவில், ஆற்றுப் பாசனம் செய்து செய்தே நிலம் உப்பேறியது; கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி அதன் இடத்தைப் பிடித்தது என்று 1958-ல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதினார்கள். அது எவ்வளவு சரி என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் "தண்ணீர் வந்தால் போதும்" என்று இருப்பவர்கள் "தண்ணீரோடு என்ன வந்தது?" என்றும் கேட்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. இந்தியாவில் இதற்கென்றே ஹரியானா கர்னாலில் 1969-ல் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். உப்பைத் தாங்கும் கொண்டைக்கடலை ரகம் ஒன்றையே அங்கே உருவாக்கினார்கள். கர்னால் சனா 1 என்று பெயர்.

குடும்பத்திலேயே வைத்தியர்

நோய் இந்தக் குடும்பத்துக்கு. வைத்தியரும் இதே குடும்பத்தில் இருக்கிறார்! தக்கைப்பூண்டு. இதுவும் அவரை வம்சம்தான். பீன்ஸ் அழுகிற மண்ணில் இது ஆளுயரம் வளரும். வேர் முடிச்சும் கட்டும். 45 நாள் கழித்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். களரின் பிடி தளரும். வேலியோரத்துப் புங்கனும் இந்தக் குடும்பம்தான், உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஊரே சபிக்கிற சீமைக்கருவேலமும் இதே குடும்பம். உப்பு மண்ணில் அது கொழிப்பதைப் பார்த்தாலே தெரியும்: இந்த வம்சத்தில் சாதுவும் உண்டு, ரவுடியும் உண்டு!

அதிகாரி மாமாவுக்குச் சொன்ன யோசனைகளை, உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் பரிசோதனை. மண்ணை மட்டுமல்ல, தண்ணீரையும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் பார்க்கிறார்கள். எல்லாரும் தழை, மணி, சாம்பல் சத்தைப் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பி.ஹெச். என்றும் மின்கடத்தும் திறன் என்றும் இரண்டு வரி இருக்கும். பயறு போடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான். ஒரு எச்சரிக்கை: நம் பரிசோதனை நிலையங்களில் பொதுவாக மண்ணில் கூடுதல் தண்ணீர் கலந்து அளப்பார்கள். அதனால் எண் சிறியதாக வரும். அதை மேலே சொன்ன பட்டியலோடு நேராக ஒப்பிட்டு, "நமக்கு ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அங்கேயே அர்த்தம் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

அடுத்தது, வியாதி தெரியாமல் மருந்து வேண்டாம். ஜிப்சம் என்பது களருக்கு மருந்து. அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டின சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் நிறுத்தி வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போடுவது, வாசலைப் பூட்டிவிட்டு வீட்டைப் பெருக்குகிற மாதிரி. எவ்வளவு போடுவது என்பதைப் பரிசோதனை சொல்லும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையே இல்லை. மழைத் தண்ணீரை வரப்பு கட்டித் தேக்கி, உப்பைக் கரைத்து, வேருக்குக் கீழே இறக்கினாலே போதும். உப்பு மண்ணுக்கு மழைதான் கடன் தள்ளுபடி!

விதைக்கிற இடமும் முக்கியம். பாரின் உச்சியில் ஈரம் ஆவியாகி உப்பு பூக்கும். அங்கே விதைக்காமல் பாரின் பக்கவாட்டில் விதைத்தால் முளை தப்பும். சொட்டு நீர் போட்டிருந்தால் ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கியிருக்கும். லேசான தூறல் அதை மறுபடி வேருக்கே தள்ளிவிடும். "மழை வருதே" என்று அப்போது சொட்டு நீரை நிறுத்தக் கூடாது. நல்ல மழை பிடித்த பிறகு நிறுத்தலாம்.

ரைசோபியம் பாக்கெட்டை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்கெட் அல்ல. தட்டை, பாசி, உளுந்து, கொள்ளு, கடலை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வகைக் கூட்டாளியோடு ஒத்துப்போகும். பீன்ஸுக்கு வேறு வகை. எந்தப் பயிருக்கு என்று சொல்லி வாங்க வேண்டும். உப்பு முதலில் குறைந்தால்தான் இதற்கும் பலன். சண்டை நடக்கிற வீட்டுக்கு நல்ல மாப்பிள்ளை வந்து என்ன பிரயோஜனம்?

எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீருக்கு ஏற்ற பயிர். சந்தையில் விலை விசாரித்துவிட்டுப் பயிரை முடிவு செய்கிறோம். விலை மறுவாரம் மாறும். போர்த் தண்ணீர் மாறாது.

மாமாவின் பீன்ஸ் கணக்கை நானே எழுதி முடித்துக் கொடுத்தேன். போட்ட பணத்தில் பாதிதான் திரும்பியது. வளையலுக்கு வட்டி மட்டும் கட்டினார்கள். மழைக்காலம் வந்ததும் அந்த ஏக்கரை வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி வடித்தார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். பிறகு தட்டைப்பயறு. அத்தை வளையலை முழுசாக மீட்க இரண்டு தட்டைப்பயறு அறுவடை தேவைப்பட்டது. பீன்ஸ் மட்டும் இன்னும் போடவில்லை. "மீட்டர்ல ஒண்ணுக்குக் கீழ காட்டட்டும், அப்பறம் பாக்கலாம்" என்கிறார். மீட்டர் சொந்தமாகவே வாங்கிவிட்டார். ஊரில் யார் வீட்டு போரானாலும் டம்ளரோடு போய் நிற்பது இப்போது அவர்தான்.

வள்ளுவர் கல்லாதவர்களைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். இருந்தும் பயனில்லை என்பதற்காக. ஆனால் பள்ளிக்கூடம் அனுப்பினால் கல்லாதவனும் தேறுகிறானே. மழையும் வடிகாலும் தக்கைப்பூண்டும் கிடைத்தால் களரும் தேறும். மூன்று நான்கு வருஷம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பயறுச் செடி மஞ்சளடித்தால், உரக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரே ஒரு செடியைப் பெயர்த்து, வேரை அலசி, ஒரு முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பா, வெளுப்பா? அந்த நிறத்தைப் பார்க்கச் செலவு ஒரு செடி. பார்க்காமல் விட்டால் செலவு ஒரு ஏக்கர்.